மூடிக் கிடக்கும் டேனரியைப் பயிற்சிக் கூடமும் தோட்டமுமாக மாற்றுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: பேரணாம்பட்டுப் பக்கம் குடும்பச் சொத்தாக ஒரு பழைய டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை. மூடி 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. முன்னால் மெட்ராஸ் டெரஸ் (செங்கல், சுண்ணாம்புக் கூரை) போட்ட ஆபீஸ் கட்டடம், பின்னால் மங்களூர் ஓடு வேய்ந்த நீள ஷெட், அதற்குள் தோல் ஊறவைத்த 40 குழிகள், அதற்கும் பின்னால் கிணறு, வேம்பு, மா, தென்னை உள்ள தோட்டம். இடித்துவிட்டு மனை போட்டு விற்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். கைவினைப் பயிற்சிக் கூடம், சின்ன அரங்கு, தோட்டம் என்று மாற்ற முடியுமா, எங்கே ஆரம்பிப்பது?

முடியும். ஆனால் ஆர்க்கிடெக்டைக் கூப்பிடும் முன் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதிக்கக் கொடுங்கள். இடித்து மனை போட்டாலும் இந்த வேலை தப்பாது. கட்டடம் போனாலும் மண் அங்கேயேதான் இருக்கும்; மனை வாங்குகிறவர் முதல் வேலையாக போர் போடுவார்.

இன்னொன்று. கட்டடத்தைக் கொத்தனாரிடமும் தோட்டத்தை நர்சரிக்காரரிடமும் தனித்தனியாக ஒப்படைப்பதுதான் வழக்கம். டேனரியில் அது ஆகாது. தோட்டத்துக்குப் பாய்ச்சும் தண்ணீர்தான் அஸ்திவாரத்தில் இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறுகிறது. சுவரும் தோட்டமும் ஒரே தண்ணீர்க் கணக்கு. இரண்டையும் ஒரே ஆள் பார்க்க வேண்டும்.

காகிதங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூலப் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம், குடியாத்தம் தாலுகா என்று இருக்கும்; 1989-லும் பிறகு 2019-லும் மாவட்டம் பிரிந்ததில் பெயர்கள் மாறியிருக்கும். பட்டா, எஃப்.எம்.பி. (புல அளவீட்டு) வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றிலும் சர்வே எண் ஒத்துப்போகிறதா பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பழைய இசைவாணை இருந்தால், தொழில் நிறுத்தப்பட்டதாக எழுத்தில் தெரிவித்து அதை முடித்துக்கொள்ளுங்கள். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், டேனரிக் கழிவுக்கு எதிரான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கான இழப்பீடு டேனரிகள் மேல் விதிக்கப்பட்டது. 2025 ஜனவரி 30-இலும் அந்த இழப்பீடு குறித்து நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டிருக்கிறது. உங்கள் டேனரி பெயரில் பாக்கி இருக்கிறதா என்று கலெக்டர் அலுவலகத்தில் கேட்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். தொழிற்சாலை நிலத்தைப் பொதுமக்கள் கூடும் இடமாக்க நில உபயோக மாற்றம் வேண்டும். அது நகர் ஊரமைப்புத் துறை வேலை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது கட்டடம் வேலூர் கோட்டை போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருந்தால், அதற்குத் தனி அனுமதி; முதல் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது.

இனி மண். தோட்டத்தில் நாலு இடம் தோண்டி ஒன்றாகக் கலந்து ஒரு பை கொடுப்பது விவசாய வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் ஒரு மூலையில் இருக்கும் நஞ்சு மற்ற மண்ணோடு கலந்து நீர்த்துப்போய் ரிப்போர்ட்டில் காணாமல் போகும். ஒவ்வொரு இடத்துக்கும் தனிப் பை: உப்புக் கிடங்கு வாசல், சுண்ணாம்புக் குழி ஓரம், தோலைச் சுழற்றும் மர டிரம் நின்ற இடம், கழிவு வாய்க்கால் வெளியேறும் முனை, பிறகு ஒப்பிட்டுப் பார்க்கத் தோட்டத்தில் தொழில் நடக்காத பகுதி. ஒவ்வொன்றிலும் 0–15, 15–30, 30–60 செ.மீ. ஆழத்தில் அரைக் கிலோ. குரோமியம் முலாம் பூசிய கரண்டி வேண்டாம். மரம் அல்லது பிளாஸ்டிக் கரண்டி போதும். உப்பு, காரநிலை, சோடியம் அளவுக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். கன உலோகங்களுக்கு அங்கீகாரம் பெற்ற லேப் வேண்டும். மொத்த குரோமியம், குரோமியம்-6, ஆர்சனிக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். 'ஹெவி மெட்டல் டெஸ்ட்' என்று மொட்டையாகக் கேட்டால் மொத்த குரோமியம் மட்டும் வரும்.

குரோமியம்-3 தோல் பதனிட உதவுவது. மண்ணில் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். குரோமியம்-6 தண்ணீரில் கரைந்து நகரும், அதுதான் விஷம். இராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுமேட்டைச் சுற்றி நிலத்தடி நீர் மஞ்சளாக வருவது இதனால்தான். டேனரியில் குரோமியம்-6 வழக்கமாகக் குறைவு, ஆனால் ஒரு வழியில் நாமே உண்டாக்கிவிடுவோம்: பழைய தோல் துண்டு, சீவல், கசடு எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்துவது. சுண்ணாம்பு கலந்த குப்பையோடு எரியும்போது 3 என்பது 6 ஆகும். துப்புரவு ஆட்களிடம் இதை முதல் நாளே கண்டித்துச் சொல்லுங்கள். முடியும் சதைக்கழிவும் கொட்டிய மூலையைக் கிளறவே வேண்டாம், மண் மாதிரிக்குக்கூட. ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய கால்நடை நோயின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அந்த இடத்தை நனைத்து, சுத்தமான மண் போட்டு மூடி, வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

கிணற்று நீருக்குக் குடிநீர்த் தர வரம்பு: கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி., வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 2000 வரை. மொத்த குரோமியம் 0.05 மி.கி. இந்தப் பக்கத்து டேனரிக் கிணறுகளில் 2000 தாண்டுவது ஆச்சரியமில்லை. தாண்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டுமல்ல, சாந்து குழைக்கவும் கூடாது. இதைக் கொத்தனாரிடம் சொன்னால் சிரிப்பார். சிரிக்கட்டும், லாரித் தண்ணீர் வாங்குங்கள். உப்புத் தண்ணீரில் குழைத்த சாந்து, உப்பை நாமே சுவருக்குள் வைத்துப் பூசுவதுதான்.

இப்போது சுவர். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்புத் தடவுவார்கள். பல பத்தாண்டுகள் அந்த உப்பு தரையில் கொட்டிக் கரைந்து செங்கல்லுக்குள் போயிருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானே கசிந்து கரையும். குறைந்தால் மறுபடி படிகமாகும். வேலூர் வெயிலும் ஐப்பசி மழையும் மாறி மாறி வரும்போது செங்கல்லுக்குள் இது வருஷம் முழுக்க நடக்கும். ஒவ்வொரு முறையும் படிகம் செங்கல்லின் துளைகளைத் தள்ளிப் பிளக்கும். உங்கள் ஷெட்டில் முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை செங்கல் மாவாக உதிர்ந்து, அதற்கு மேல் நல்லபடி இருந்தால் காரணம் வயசு அல்ல, இதுதான்.

இதைப் பார்த்ததும் யாரும் செய்வது: கொத்திவிட்டு, கோழிவலை அடித்து, ஒன்றுக்கு நாலு சிமென்ட் பூச்சு. இரண்டு மழைக்காலம் பளபளவென்று இருக்கும். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்துக்கு மேல், அதுவரை நன்றாக இருந்த செங்கல்லில் உப்பை வெளியேற்றும். இடுப்பளவு சேதம் தலையளவுக்குப் போகும். வலையும் துருப்பிடித்துப் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளும்.

செய்ய வேண்டியது இப்படி. உதிர்வதை முதலில் காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்து, சாக்கில் அள்ளி வெளியேற்றுங்கள். தரையில் விட்டால் அடுத்த மழையில் மறுபடி ஏறும். தண்ணீர் பீச்சிக் கழுவக் கூடாது. பிறகு பற்றுப் போடுங்கள்: காகிதக்கூழ் ஒரு பங்கு, வெண்களிமண் ஒரு பங்கு, நன்றாகக் கழுவிய மணல் ஒரு பங்கு, ஆர்.ஓ. தண்ணீரில் இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து 2 செ.மீ. கனத்தில் அப்புவது. சுவர் நனைந்து உப்பு கரையும். பற்று காயும்போது ஈரத்தோடு உப்பும் அதற்குள் வந்துவிடும். மூன்று நாலு வாரத்தில் காய்ந்து தானே விலகி நிற்கும். அதில் 10 கிராம் எடுத்து 100 மி.லி. வாலை வடிநீரில் கலக்கி, தெளிந்தபின் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பற்றிலும் அதே சோதனை. எண் வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் வரை தொடருங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரே எண் வந்தால் கீழேயிருந்து புதிதாக ஏறுகிறது என்று அர்த்தம். அப்போது பற்றை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது சுவரை ஒட்டிப் போகும் உடைந்த வாய்க்கால், அல்லது சுவரோரம் வைத்த வாழைப் பாத்தி.

அதன்மேல் பூச வேண்டியது சுண்ணாம்புப் பூச்சு: நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. இந்தப் பூச்சு மிச்ச உப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சில வருஷத்தில் உதிரும். உதிர வேண்டும் என்றுதான் பூசுகிறோம். செங்கல்லுக்குப் பதில் பூச்சு போகிறது, அவ்வளவுதான். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் இத்தனையும் வீண், சுண்ணாம்பு வெள்ளைதான். ஒரு நல்ல தற்செயல்: பழைய கொத்தனார்கள் சாந்தில் வெல்லத்தோடு சேர்த்த கடுக்காய், ஆவாரம்பட்டையோடு தோல் பதனிட டேனரிக்கு மூட்டை மூட்டையாக வந்த அதே சரக்கு. ஷெட்டில் பழைய மூட்டை கிடந்தால் ஆசைப்பட்டு எடுக்காதீர்கள், கடையில் புதிது வாங்குங்கள்.

வரிசையில் உண்மையில் கூரைதான் முதலில் வர வேண்டும். மேலே ஒழுகிக்கொண்டிருக்கையில் கீழே பற்றுப் போடுவது வெட்டி வேலை. மெட்ராஸ் டெரஸில் தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாக மூலைவாட்டில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, அதற்கு மேல் தட்டோடு. ஒழுகினால் மேலே இன்னொரு அடுக்கு போடுவது ஊர் வழக்கம். ஒவ்வொரு அங்குலக் கனமும் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 450 கிலோ பாரம். உங்கள் மாடியில் இப்படி எத்தனை அடுக்கு இருக்கிறது என்று ஓரத்தில் ஒரு சதுரம் வெட்டிப் பாருங்கள். அதிகப்படி அடுக்குகளைக் கழற்றிவிட்டு, பொதுப்பணித் துறை விகிதப்படி ஜல்லி 32 பங்குக்கு மணல் சேராத நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு கலந்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கிப் போடுங்கள். அடிக்கும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம், கலவை அல்ல.

உத்தரத்தின் நடுப்பகுதி நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் அரையடிதான் முதலில் மக்கும். கூரான தமரூசியால் குத்திப் பாருங்கள். ஓர் அங்குலம் தாராளமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட முனையை அறுத்துவிட்டு, அதே தேக்கில் ஒட்டு வைத்து, இரு பக்கமும் ஸ்டெயின்லெஸ் தகடு போல்ட் போட்டுப் பிடிக்கலாம். சாதா இரும்புத் தகடு இந்த உப்புச் சுவரில் நிற்காது. பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் தூண், சன்ஷேடு எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள்; டேனரியில் பழைய செங்கல் வேலையைவிடப் புதுக் கான்கிரீட் சீக்கிரம் போகும், உள்ளே கம்பியை உப்பு தின்றிருக்கும்.

மங்களூர் ஓட்டில் ஒரே ஒரு எச்சரிக்கை: 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 150 ஓடு பிடிக்கும், அதில் உடைந்ததற்கு மாற்று வாங்கும்போது ஓட்டின் பின்னால் உள்ள கம்பெனி முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். ஒரு கம்பெனி ஓடு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காராது. இடையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சொருகியிருந்தால் நனைத்து, உடைக்காமல், போல்ட்டை வெட்டி இறக்க வேண்டும்.

குழிகள்தான் ஆபத்தான இடம். நின்றுபோன குழியிலும் மூடிய கால்வாயிலும் சல்பைடு கசடு இருக்கும். கிளறினால், அதிலும் ஆசிட் பட்டால், ஹைட்ரஜன் சல்பைடு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. வாளியும் கயிறும் கொடுத்து ஆளை இறக்குவது குற்றம். வாயு மீட்டர், ஊதுவிசிறி, மேலிருந்து உறிஞ்சும் லாரி, இவை இல்லாமல் தொடாதீர்கள். 2015 ஜனவரியில் இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து 10 பேர் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். குரோமியம் கலந்த கசடு அபாயக் கழிவு. வாரிய அனுமதிச் சீட்டோடு கும்மிடிப்பூண்டிக் கிடங்குக்குப் போக வேண்டும். 'வயலுக்கு உரமாகும், நானே எடுத்துக்கொள்கிறேன்' என்று டிராக்டரோடு வருகிறவரை அனுப்பிவிடுங்கள்.

காலியான குழியைப் பார்த்ததும் எல்லாருக்கும் மழைநீர்த் தொட்டி யோசனை வரும். வேண்டவே வேண்டாம், குழிச் சுவர் ஊறிய நஞ்சை வருஷக்கணக்கில் தண்ணீரில் விட்டுக்கொண்டிருக்கும். மூன்று நாலு குழிகளைச் சுத்தம் செய்து, கைப்பிடி வைத்து, பார்வைக்குத் திறந்து விடுங்கள். மற்றதை நிரப்புங்கள். 6 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் ஒரு குழி 180 கன அடி. 36 குழிக்கு 65 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), இறுகுவதற்குச் சேர்த்து 75-க்கு மேல் கிராவல் வாங்க வேண்டும். அரையடிக்கு ஒரு அடுக்காகத் திமிசு போட்டு நிரப்புங்கள். லாரியிலிருந்து ஒரேயடியாகக் கொட்டினால் நிரப்பியது அமுங்கும், குழியின் சுவர் அமுங்காது. ஒவ்வொரு குழியின் ஓரமும் மேல்தளத்தில் சதுரச் சதுர விரிசலாக வரையப்பட்டுவிடும். அதனால் குழிச் சுவரின் தலையைத் தளத்துக்குக் கீழே ஒன்றரை அடி வரை வெட்டிவிட்டு நிரப்புவது நல்லது. மேலே கனமான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு, மணல், கடப்பாக் கல். ஆனால் விரிப்பைச் சுவர் வரை கொண்டுபோகாதீர்கள். அடைபட்ட ஈரம் சுவரைத்தான் தேடும். சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி மட்டும் நிரப்பி மூச்சுவிட வழி வையுங்கள்.

இனி தோட்டம். இருக்கும் மரங்களை முதலில் காப்பாற்றுங்கள். கிளை விரிந்திருக்கும் எல்லை வரை கயிறு கட்டி, அதற்குள் ஜல்லி, சுண்ணாம்பு, லாரி எதுவும் நுழையாமல் பாருங்கள். மா மரத்தடியில் சுண்ணாம்பு நீற்றினால் அடுத்த பருவத்தில் இலை வெளுக்கும். அடிமரத்தைச் சுற்றி மண்ணை மூடி உயர்த்தவும் கூடாது. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றை இழுக்காதீர்கள், செங்கல்லோடு வரும். அறுத்து, வெட்டு காயும் முன் களைக்கொல்லி தடவ வேண்டும், அதை உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளை வைத்துச் செய்யுங்கள்.

உப்பு மட்டும் உள்ள, குரோமியம் இல்லாத பகுதியை நல்ல தண்ணீரால் கழுவலாம். ஓர் அடி ஆழ மண்ணின் உப்பில் ஐந்தில் நாலு பங்கை வெளியேற்ற ஓர் அடி உயரத் தண்ணீர் அதன் வழியே இறங்க வேண்டும்; 100 சதுர மீட்டருக்கு 30,000 லிட்டர். உங்கள் ஷெட் கூரை 5,000 சதுர அடி என்றால் 100 மி.மீ. மழையில் வீண் போனது போக 37,000 லிட்டர் பிடிக்கலாம். தரைக்கு மேல் புதுத் தொட்டி கட்டுங்கள். மண்ணின் பி.ஹெச். 8.5-க்கு மேல், தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றால் முதலில் ஜிப்சம், பிறகுதான் கழுவல். அளவை மண் ரிப்போர்ட் சொல்லும். குரோமியம்-6 உள்ள இடத்தைக் கழுவினால் ஊர்க் கிணற்றுக்கு அனுப்புகிறீர்கள் என்று பொருள். அங்கே மூடி, மேலே இரண்டடி உயரப் பாத்தி. ஏரி வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் முன் அதையும் பரிசோதியுங்கள். இந்தப் பக்கம் பல ஏரிகளுக்கும் அதே கழிவு போயிருக்கிறது.

ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரத்தில் 1985-இல் மூடிய இரும்பாலையைப் பூங்காவாக்கியபோது, மோசமான மண்ணை ஊர் ஊராகக் கடத்தாமல் ஆலையின் பழைய பதுங்கறைகளிலேயே போட்டு மூடி, மேலே தோட்டம் போட்டார்கள். ஓர் ஏக்கர் டேனரிக்கும் அந்த வழி பொருந்தும்.

நடுவதற்கு: பூவரசு, புங்கன், வேம்பு, பனை, உகா, ஓரமாக ஆவாரை. வாய்க்கால் கரையில் வெட்டிவேர் நன்றாக நிற்கும், உலோகத்தையும் தாங்கும். அந்த வேரைப் பானைத் தண்ணீரில் போட விற்றுவிடாதீர்கள். குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும் என்றாலும் கீரை, கிழங்கு, இலவம்பாடி முள்கத்திரி எல்லாம் பக்கத்து வயலோடு நிற்கட்டும். மாங்காயையும் இளநீரையும் ஒருமுறை லேபில் பார்த்துவிட்டுச் சாப்பிடுங்கள். சுவரிலிருந்து 2 மீட்டருக்குள் பாத்தியும் சொட்டுநீர்க் குழாயும் கூடாது. நடவு புரட்டாசி, ஐப்பசியில்.

பயிற்சிக் கூடம் நல்ல தேர்வு, ஏனென்றால் சுவரில் எதையும் பதிக்காமல் நடுத்தரையில் மேசை போட்டு நடத்தலாம். சமையல்கூடம் மட்டும் வேண்டாம். ஆவியும் கழுவுநீரும் உப்பை எழுப்பிவிடும். பழைய மர டிரம் ஒன்றை நின்ற இடத்திலேயே வையுங்கள். அதன் பலகையை அறுத்துச் சாப்பாட்டு மேசை செய்யும் யோசனை வரும், அந்த மரம் குரோமியம் குடித்தது. ஷெட் சுவரில் குழி எண்கள், கணக்குக் கிறுக்கல்கள் இருந்தால் வெள்ளை அடிக்கும் முன் படமெடுத்து, அந்தச் சதுரத்தை விட்டு அடியுங்கள். வேலை பார்த்த பெரியவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கும்போதே எந்தக் குழியில் என்ன ஊறியது என்று கேட்டு எழுதுங்கள். மண் எடுக்க வேண்டிய இடமும் அதிலிருந்தே தெரியும்.

வாடகைக்கு விடும்போது ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள்: தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, ஈரத் துணியால் துடைக்கலாம்; சுவரில் எமல்ஷன், டைல்ஸ் கூடாது; தோட்டத்தில் புதிதாகப் பள்ளம் தோண்டும் முன் வரைபடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.